அப்பா பேர்ல மாந்தோப்பு: உயில் பேச்சை எப்படி எடுக்கறது?

காவேரிப்பட்டணம் பக்கம் மூணு ஏக்கர் தோப்பு, ஒரு கிணறு. அப்பாவுக்கு 76 வயசு. ரெண்டு மகன், ஒரு மகள். உயில்னாலே "இந்த மாங்கா சீசன் முடியட்டும்"னு தள்ளிடறார். எழுதிட்டா நிலம் கைவிட்டுப் போயிடும்னு பயம்.

பதில் 1

அவர் தான செட்டில்மெண்ட்டை (உயிரோட இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கற பத்திரம்) நினைச்சுப் பயப்படறார். அது பதிஞ்சதுமே உரிமை மாறிடும். உயில் அவர் காலத்துக்கு அப்புறம்தான் நடப்புக்கு வரும். நடுவுல மாத்தலாம், ரத்து பண்ணலாம், நிலத்தையே விற்கலாம். இதை முதல்ல அவர்கிட்ட பொறுமையா சொல்லுங்க.

உயில் செல்ல தெளிந்த மனநிலை வேணும். பக்கவாதமோ மறதியோ வந்து மனசு தெளிவில்லாம போயிட்டா, ஆள் இருந்தும் எழுத முடியாது. அதனால சீசனுக்குக் காத்திருக்காதீங்க.

வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். 1925 வாரிசுரிமைச் சட்டப்படி ரெண்டு சாட்சி கட்டாயம். ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து வாங்குங்க, இல்லைன்னா நடுத்தாளை மாத்திட்டாங்கன்னு வழக்கு வரும். பின்னாடி ஒரு சாட்சியாவது கோர்ட்டுல சொல்ல வேண்டியிருக்கும். அதனால அப்பாவைவிட வயசுல சின்னவங்களா, சொத்துல பங்கில்லாதவங்களா பாருங்க. தெளிவா இருக்கார்னு டாக்டர் சான்றும் வாங்கி வைங்க.

பதில் 2

தாத்தா வழி வந்த பூர்வீகமா, அப்பா சுயமா வாங்கினதா? பூர்வீகம்னா தன் பங்கை மட்டும்தான் உயில்ல எழுத முடியும். பூர்வீகச் சொத்துல மகளுக்கும் சம உரிமை.

"ஆளுக்குச் சமபாகம்"னு மட்டும் எழுதினா சண்டை கிணத்துலதான் ஆரம்பிக்கும். சர்வே எண், உட்பிரிவு, நாலு எல்லை, கிணத்துல யாருக்கு எத்தனை பங்கு, யாருக்கு எந்த நாள் மோட்டார் முறை, மின் இணைப்பு யார் பேர்ல, வண்டிப்பாதை எந்த வரப்பு வழியா, எல்லாத்தையும் எழுதுங்க.

கேட்டவர்

நன்றிங்க. அப்பா அதிகம் நடக்க மாட்டார். பதிஞ்சே ஆகணுமா? பதிஞ்சா வில்லங்கச் சான்றுல (சொத்து மேல நடந்த பதிவுகளைக் காட்டற சான்று) தெரியுமா?

பதில் 1

பதிவு கட்டாயமில்லை, ஆனா பதியறது நல்லது. தக்க காரணம் காட்டி மனு கொடுத்தா சார்பதிவாளர் வீட்டுக்கே வருவார். உயில் தனிப் புத்தகத்துல பதிவாகறதால வில்லங்கச் சான்றுல வராது. அப்பா இருக்கற வரை நகலும் அவருக்கோ அவர் முகவருக்கோ மட்டும்தான். அசல் எந்தப் பீரோவுலன்னு மூணு பேருக்கும் தெரியணும்.

பதில் 3

எழுதறதுக்கு முன்னாடி வண்டியில உக்கார வச்சு ஒருதரம் தோப்பைச் சுத்தி வாங்க. புதைஞ்சு போன சர்வே கல் எங்கே, பக்கத்துக்காரர் வாய்மொழியா விட்ட தண்ணி வாய்க்கா எது, யாருக்கு என்ன கடன் பாக்கி, இதெல்லாம் எந்தப் பத்திரத்துலயும் இருக்காது. அவர் கை நீட்டிக் காட்டறதை போன்ல வீடியோ எடுத்துக்கங்க. மழை பிடிச்சுப் புல் மூடினா கல்லைத் தேட முடியாது, இந்த ஞாயித்துக்கிழமையே போங்க.