உண்ணிக் கடிக்குப் பின் முகவாதம், கால் தளர்ச்சி: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி (நரம்பியல் பயிற்சி மருத்துவர்):
லைம் நோய் (உண்ணி கடித்துப் பரவும் பாக்டீரியா தொற்று) உள்ள பகுதியில், உண்ணிகள் அதிகம் கடிக்கும் மாதங்களில் ஒருவர் ஒருபக்க முகவாதத்தோடு வருகிறார். பெல்ஸ் பால்சி (தெளிவான காரணம் தெரியாமல் வரும் முகவாதம்) என்று ஸ்டீராய்டு தொடங்கிவிடலாமா, ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருப்பதா? எல்லோருக்கும் லம்பர் பங்சர் (கீழ்முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீர் எடுப்பது) வேண்டுமா? இன்னொரு சந்தேகம்: ஜுரம் இல்லாமல் குழந்தையின் கால் தளர்ந்து, தளர்ச்சி மேலே ஏறுகிறது. கில்லன்-பாரேயா (உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் நோய்), உண்ணி வாதமா (ஒட்டியிருக்கும் உண்ணியின் உமிழ்நீர் நச்சால் வரும் தளர்ச்சி) என்று எப்படிப் பிரிப்பது?

பதில் 1 (குழந்தைகள் தீவிர சிகிச்சை):
இரண்டாவது சந்தேகத்தை முதலில் சொல்கிறேன், அதில் மணிக்கணக்குதான் முக்கியம். உண்ணி வாதம் என்றால், தள்ளாட்டத்தில் தொடங்கி, ரிஃப்ளெக்ஸ் (அனிச்சைச் செயல்) மறைந்து, ஓரிரு நாளில் தளர்ச்சி கைக்கும் மூச்சுத் தசைக்கும் ஏறும். தொடுவுணர்வு பெரும்பாலும் கெடாது. தண்டுவட நீரில் புரதம் கூடாமல் இருப்பதை வைத்து உண்ணி வாதம்தான் என்று முடிவு செய்யாதீர்கள். கில்லன்-பாரேயிலும் முதல் வாரத்தில் அது இயல்பாகவே இருக்கலாம்.

ஆகவே ஊசியை எடுக்கும் முன் சீப்பை எடுங்கள். தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தடவிப் பாருங்கள். காதுக்குப் பின்புறம், பிடரி, அக்குள், தொடையிடுக்கு எதையும் விடக்கூடாது. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி ஆமணக்கு விதை மாதிரி இருக்கும்; மச்சம் என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்தாதீர்கள், இன்னொன்றும் இருக்கலாம்.

நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், ஒரே சீரான விசையில் நேராக மேலே இழுங்கள். எண்ணெய், நெருப்பு, நெயில் பாலிஷ் வேண்டவே வேண்டாம். வட அமெரிக்க உண்ணிகள் என்றால் எடுத்த சில மணி நேரத்தில் முன்னேற்றம் தெரியும். ஆஸ்திரேலியாவின் இக்ஸோடிஸ் ஹோலோசைக்ளஸ் உண்ணி வேறு மாதிரி: எடுத்த பிறகும் 24 முதல் 48 மணி நேரம் மோசமாகலாம். எடுத்தாயிற்று என்று வீட்டுக்கு அனுப்பாமல் மூச்சுக் கொள்ளளவை அளந்துகொண்டே இருங்கள். கிலோவுக்கு 20 மில்லிக்குக் கீழே இறங்கினால் செயற்கைச் சுவாசத்துக்குத் தயாராக வேண்டும்.

பதில் 2 (தொற்றுநோய் மருத்துவர்):
முகவாதத்துக்கு வருகிறேன். இருபக்கமும் வந்தால், கூடவே தலைவலி இருந்தால், இரவில் தூங்கவிடாத முதுகு வலி ஒரு நரம்பின் வழியே இறங்கினால், லைம் சந்தேகம் பலக்கிறது. படர்ந்த சிவப்பு வட்டம் இருக்கிறதா என்று உடல் முழுக்கப் பாருங்கள். வட்டம் தெரிந்தால் ரத்தப் பரிசோதனைக்கே காத்திருக்க வேண்டியதில்லை. ஆரம்ப வாரங்களில் ரத்தத்தில் ஆன்டிபாடி (நோயெதிர்ப்புப் புரதம்) இல்லை என்று வருவது சகஜம். அதை நம்பி நோயை விலக்கக்கூடாது.

தனி முகவாதம், மூளையுறை அழற்சி அறிகுறி எதுவும் இல்லை என்றால் எல்லோருக்கும் லம்பர் பங்சர் தேவையில்லை. பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் தினம் இருமுறை, 14 முதல் 21 நாள். மூளையோ தண்டுவடமோ பாதிக்கப்பட்டிருந்தால் செஃப்ட்ரியாக்ஸோன் 2 கிராம் தினம் ஒருமுறை நரம்பு வழியே, 2 முதல் 4 வாரம்.

லம்பர் பங்சர் செய்தால், அதே நாளில் ரத்தமும் எடுத்து இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். தண்டுவட நீருக்குள்ளேயே ஆன்டிபாடி உருவாகிறதா என்ற விகிதத்தை இரண்டும் இருந்தால்தான் கணக்கிட முடியும். தண்டுவட நீரை மட்டும் அனுப்பிவிட்டுப் பிறகு தவிப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

ஸ்டீராய்டு? பெல்ஸ் பால்சியில் பலன் நிச்சயம். லைம் முகவாதத்தில் அது சேர்ந்தால் நன்மை உறுதியாகவில்லை. மீட்சி குறைந்ததாகக் காட்டிய பின்னோக்கு ஆய்வும் (பழைய நோயாளிப் பதிவுகளைப் பார்த்தது) உண்டு. லைம் வலுவாகத் தோன்றினால் நான் தரமாட்டேன். கண் மூடாதவருக்குப் பகலில் செயற்கைக் கண்ணீர், இரவில் களிம்பும் டேப்பும் கட்டாயம். கார்னியா (கருவிழிப் படலம்) காய்ந்து புண்ணானால் மாத்திரை காப்பாற்றாது.

பதில் 3 (நுண்ணுயிரியல்):
ஜுரமும் கடும் தலைவலியும் குழப்பமும் சேர்ந்தால் ரிக்கெட்சியாவை (உண்ணி வழியே பரவும் இன்னொரு பாக்டீரியா) மறக்காதீர்கள். அதனால் வரும் ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சலில் சிவப்புத் தடிப்பு ஜுரத்துக்குச் சில நாள் கழித்துத்தான் வரும், சிலருக்கு வரவே வராது. முதல் வார ஆன்டிபாடியும் பொதுவாக நெகட்டிவ். அறிகுறி தொடங்கி 5 நாளுக்குள் டாக்சிசைக்ளின் போகாவிட்டால் உயிராபத்து ஏறுகிறது. 45 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்குக் கிலோவுக்கு 2.2 மில்லிகிராம் வீதம் தினம் இருமுறை. பல் கறையாகும் என்ற பழைய பயத்தில் இங்கே தயங்குவது ஆபத்து.

ஜுரம் வந்து, விட்டு, ஒரு வாரம் போல நன்றாக இருந்து, மறுபடி ஜுரத்தோடு மூளை அறிகுறிகள் வந்தால் உண்ணிவழி மூளையழற்சி வைரஸை நினையுங்கள். அதற்கு வைரஸை அழிக்கும் மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. லைம் பாக்டீரியா பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் பரவும். இந்த வைரஸ் உமிழ்நீரோடு உடனே இறங்கிவிடும், எனவே உண்ணியைச் சீக்கிரம் எடுத்ததால் தப்பித்தோம் என்று சொல்ல முடியாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. லைம் சிகிச்சை முடிந்த பிறகும் ரத்தத்தில் ஐஜிஜி (ஒரு வகை ஆன்டிபாடி) பாசிட்டிவாகவே இருந்தால் மருந்தை நீட்டிப்பதா?

பதில் 2:
வேண்டாம். ஐஜிஜி ஆண்டுக்கணக்கில் நிற்கும், அதைத் திரும்பத் திரும்ப அளப்பதில் பயனில்லை. தண்டுவட நீரில் செல்கள் குறைந்திருக்கின்றனவா, முகம் அசைகிறதா, வலி தணிந்ததா என்று பாருங்கள். முகம் முழுதாகத் திரும்பச் சில வாரம் முதல் சில மாதம் வரை ஆகலாம் என்பதை நோயாளியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.