'ப்ளாக்கிங்' என்பதற்குத் தமிழ்: வெள்ளிக்குள் வேண்டும்

கோத்தகிரியிலிருந்து:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து 15 நிமிட நாடகம் போடுகிறோம். ஒத்திகைப் பயிற்சிகளைக் கையேடாக வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் தமிழில் வந்துவிட்டது, 'ப்ளாக்கிங்' மட்டும் இடிக்கிறது. எந்த வசனத்துக்கு யார் எங்கே நிற்பது, எப்போது எங்கே நகர்வது என்று முன்கூட்டியே முடிவுசெய்வது. நேற்று தபால்காரன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பாட்டிக்கு நேர் முன்னால் நின்றுவிட்டான். பாட்டி அழுதது யாருக்கும் தெரியவில்லை, அவன் மஃப்ளர்தான் தெரிந்தது. 'நிறுத்தம்' என்று சொல்லிப் பார்த்தேன். "எந்த பஸ் மிஸ்?" என்கிறார்கள்.

குன்னூரிலிருந்து:
அம்மா, சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையைத் திறங்கள். மாதவி வலக்காலை முன்வைத்து ஏறி வலத்தூண் பக்கம் நிற்கிறாள். தோரிய மகளிர், அதாவது ஆடி முதிர்ந்த பெண்கள், இடத்தூண் பக்கம். குயிலுவ மாக்கள், அதாவது இசைக்கருவி வாசிப்பவர்கள், 'இருக்கை முறைமையின்' நிற்கிறார்கள். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளமுள்ள மேடையில் இதைவிட என்ன ப்ளாக்கிங் வேண்டும்? 'இருக்கைமுறை' என்றே வைக்கலாம். பிடிக்காவிட்டால் 'இடங்கோள்'. கொள் நீண்டு கோள் ஆனது, முதனிலை திரிந்த தொழிற்பெயர். குறிக்கோள், மேற்கோள் போல.

கொடைக்கானலிலிருந்து:
ஐயா, இருக்கைமுறை என்றால் பரீட்சை ஹாலில் நம்பர் ஒட்டுவதுதான் நினைவுக்கு வரும். கோள் என்றால் செவ்வாய், இல்லாவிட்டால் கோள்மூட்டுவது. அப்புறம் 'இடம்' என்றாலே இடப்பக்கம் என்றும் பொருள் உண்டே! மேடையில் வலம், இடம் எல்லாம் நடிகரின் கைப்பக்கம், பார்ப்பவருக்கு நேர்மாறு. அதிலேயே பாதிப் பேர் முட்டிக்கொள்கிறார்கள். 'தடம்' சரிவருமா?

ஊட்டியிலிருந்து:
தடம் நடந்த பிறகு விழுவது. இது நடப்பதற்கு முன்பே போடுவது. ஆங்கிலச் சொல்லே கட்டையில் பிறந்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் கில்பர்ட் போன்ற ஆங்கில நாடகாசிரியர்கள் சிறிய மாதிரி மேடையில் நடிகர்களுக்குப் பதில் கட்டைகளை நகர்த்திப் பார்த்ததால் வந்தது என்பார்கள். 'ப்ளாக்கிங்' என்றே விட்டுவிட்டுப் பிள்ளைகளை நடக்க விடுங்கள். மேடையின் பின்பக்கத்தை 'அப்ஸ்டேஜ்' என்பதும் பழைய மேடைகள் பின்னால் உயர்ந்து முன்னால் சரிந்திருந்ததால்தான். அதற்கு மட்டும் நம் ஊரில் விளக்கமே வேண்டாம். மைதானமே சரிவு. 'மேலே போ', 'கீழே வா', முடிந்தது.

குன்னூரிலிருந்து:
மேலே என்றதும் நினைவுக்கு வருகிறது. 'அப்பர் குன்னூர்' என்ற பெயரைக் கேட்டுவிட்டு, தஞ்சாவூர் உறவினர் ஒருவர், "நாவுக்கரசர் இங்கேயும் வந்தாரா?" என்று கேட்டார். எழுத்தை மட்டும் தமிழாக்கினால் இதுதான் கதி.

கோத்தகிரியிலிருந்து:
ஐயா, நாவுக்கரசரை அப்புறம் பார்ப்போம். இன்று தெப்பப் பயிற்சி நடந்தது. தரை ஒரு தெப்பம். ஒரு பக்கம் கூட்டம் சேர்ந்தால் கவிழும், அதனால் காலி இடம் பார்த்து நடந்துகொண்டே இருக்க வேண்டும். கை தட்டினால் சிலை. முடிந்ததும் தரையில் சாக்பீஸால் பெருக்கல் குறிகள் போட்டேன். பாட்டி வேஷக்காரி வந்து, "மிஸ், எனக்கு இன்னும் இடம் போடலை" என்றாள். 'இடம் போடுதல்' என்றே வைத்துவிட்டால் என்ன?

கொடைக்கானலிலிருந்து:
என் ஓட்டு அதற்கே.

ஊட்டியிலிருந்து:
பஸ் ஜன்னலில் துண்டு போடுவது மாதிரி இருக்கிறது. ஆனாலும் சரி.

குன்னூரிலிருந்து:
நான் ஒப்பவில்லை. சட்டை போடு, டீ போடு, சண்டை போடு... எல்லா வேலைக்கும் ஓடிவரும் வினை கலைச்சொல்லுக்கு உதவாது. கலைச்சொல் என்றால் அதிலிருந்து வேறு சொற்கள் கிளைக்க வேண்டும். 'இடங்கோள் குறிப்பேடு' என்று எழுதலாம். 'இடம் போடுதல் குறிப்பேடு' என்றா எழுதுவீர்கள்?

கோத்தகிரியிலிருந்து:
'இட குறிப்பேடு' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன் ஐயா. அச்சகத்தில் இரண்டு முறை போன் செய்துவிட்டார்கள். எல்லாருக்கும் நன்றி.

குன்னூரிலிருந்து:
அங்கே 'க்' மிகும். இடக்குறிப்பேடு. இன்னும் அச்சேறவில்லை என்றால் திருத்தச் சொல்லுங்கள். இடங்கோள் பற்றித் தனியாக எழுதுகிறேன்.