அவசரம்: என் கேரவனை வேறு ஒருவர் இழுத்துப் போகலாமா?

லெஸ்டர்குமரன் | செவ்வாய், இரவு 10:42
நண்பர்களே, அவசரம். வரும் சனிக்கிழமை ஸ்கெக்னஸ் கடற்கரை ஊருக்குப் போக, கேரவன் நிறுத்த இடம் பதிவு செய்து பணமும் கட்டியாகிவிட்டது. நேற்று மாடிப்படியில் சறுக்கி வலது மணிக்கட்டு உடைந்து, கையில் மாவுக்கட்டு. ஓட்ட முடியாது. கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், தன் காரில் இழுக்கும் கொக்கி இருக்கிறது, தானே இழுத்து வருகிறேன் என்கிறார். சட்டப்படி சரியா? காப்பீடு என்ன ஆகும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

வேலூர்க்காரன் | இரவு 10:50
கேரவனா? எந்தப் படத்துக்கு ஷூட்டிங் அண்ணா?

லெஸ்டர்குமரன் | இரவு 10:53
தம்பி, நடிகர்கள் மேக்கப் போடும் வண்டி இல்லை. இங்கிலாந்தில் விடுமுறைக்குக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போவோமே, அந்தக் கேரவன். கட்டில், அடுப்பு, சின்னக் கழிவறை எல்லாம் இருக்கும்.

நட்டுபோல்ட்டு | இரவு 11:05
முதலில் டயரைப் பாருங்கள். குளிர்காலம் முழுக்க நின்ற வண்டி என்றால் பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் வெடித்திருக்கும். டயர் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளைத் தேடினால் அந்த வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஏழு வருடம் ஆகியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். யார் இழுக்கிறார் என்பதெல்லாம் அப்புறம்.

சுமதிடார்பி | இரவு 11:11
கேரவன் எடை எவ்வளவு? நண்பரின் கார் எது? அவர் எந்த வருடம் லைசென்ஸ் எடுத்தார்? கேரவன் இப்போது எங்கே நிற்கிறது? இவை தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

பழையகை | இரவு 11:30
இதே கேள்விக்கு இங்கே எத்தனை தடவை பதில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கே மறந்துவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. 1997-க்குப் பிறகு கார் லைசென்ஸ் எடுத்தவர் இவ்வளவு பெரிய வண்டியை இழுக்கத் தனி ஓட்டுநர் தேர்வில் தேற வேண்டும். உங்கள் நண்பர் இளைஞர் என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. நான் 28 வருடமாக இழுக்கிறேன், ஒரு கீறல் இல்லை.

சுமதிடார்பி | இரவு 11:38
ஐயா, அந்தத் தேர்வையே நீக்கிவிட்டார்கள். 2021 டிசம்பர் 16 முதல், சாதாரண கார் லைசென்ஸ் இருந்தாலே 3,500 கிலோ வரையுள்ள டிரெய்லரை இழுக்கலாம். 1997-க்குப் பிறகு எடுத்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

பழையகை | இரவு 11:52
சட்டம் மாறினால் கை பழகிவிடுமா? காற்றடிக்கும் நாளில் லாரி ஒன்று உரசிக்கொண்டு கடந்து போகும்போது பின்னால் ஆடும் ஆட்டத்தை அனுபவித்திருக்கிறீர்களா? தேர்வை நீக்கியதே தப்பு.

ஈரக்காற்று | புதன், காலை 7:10
தப்போ சரியோ, அவர் கேட்டது சட்டப்படி முடியுமா என்று. "விஷயம் அங்கேயே முடிந்தது" என்று பயமுறுத்தினீர்களே, அதற்குத்தான் சுமதி பதில் சொன்னார்.

பழையகை | காலை 7:31
நான் யாரையும் பயமுறுத்தவில்லை. இனி இந்த இழையில் எழுதவும் போவதில்லை.

லெஸ்டர்குமரன் | காலை 8:15
மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். கேரவன் கதவருகே உள்ள தகட்டில் அதிகபட்ச எடை 1,350 கிலோ என்று போட்டிருக்கிறது. ஊருக்கு வெளியே ஸ்டோரேஜில் நிற்கிறது. நண்பர் 2015-இல் லைசென்ஸ் எடுத்தவர். அவருடையது சின்ன ஹைப்ரிட் கார். சைக்கிள் மாட்டுவதற்காகக் கொக்கி போட்டாராம்.

ஈரக்காற்று | காலை 8:22
சைக்கிள் மாட்டுவதற்காகவா? அங்கேதான் எனக்கு இடிக்கிறது. ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் சிலவற்றுக்கு இழுக்கும் அனுமதியே கிடையாது, கொக்கி சைக்கிள் தாங்கிக்கு மட்டும். அவர் கார்க் கதவைத் திறந்து, தூணில் இருக்கும் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் எடை காருடையது. இரண்டாவது, காரும் டிரெய்லரும் சேர்ந்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் எவ்வளவு இழுக்கலாம் என்று தெரிந்துவிடும்.

நட்டுபோல்ட்டு | காலை 8:40
காரிலிருந்து கேரவன் விளக்குகளுக்கு மின்சாரம் போகும் பிளக்கும் பாருங்கள். கேரவனில் 13 பின் இருந்து காரில் 7 பின் என்றால் அடாப்டர் வேண்டும். டயர் பார்த்தீர்களா?

மில்டன்கீன்ஸ்மாமி | காலை 9:05
ஒரு சந்தேகம். குழந்தைகள் கேரவனுக்குள்ளேயே உட்கார்ந்து வரலாமா? படுத்துக்கொண்டே வரலாமே என்று என் பேரன் கேட்கிறான்.

சுமதிடார்பி | காலை 9:09
கூடவே கூடாது மாமி. ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது, சட்டப்படியே குற்றம்.

லெஸ்டர்குமரன் | காலை 11:48
நண்பர் படம் அனுப்பினார். முதல் வரி 1,805 கிலோ. இரண்டாவது வரி காலி. அப்புறம் 1, 2 என்று போட்டு இரண்டு எடைகள்.

ஈரக்காற்று | காலை 11:55
அந்த 1, 2 முன், பின் சக்கர அச்சுகளின் எடை. இரண்டாவது வரி காலி என்றால் அந்தக் கார் எதையும் இழுக்கக் கூடாது. பாவம், நல்ல மனசுக்காரர். ஆனால் முடியாது.

தென்றல்77 | பகல் 12:20
காசு கொடுத்தால் இழுத்துக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் கூலிக்கு இழுப்பவருக்குச் சாதாரண கார் காப்பீடு போதாது. கூலிக்கு ஓட்டுவதற்கான காப்பீடு இருக்கிறதா, வழியில் உங்கள் கேரவன் அடிபட்டால் யார் கட்டுவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். கேரவனின் பின்புறம் அவர் வண்டியின் நம்பர் பிளேட்தான் இருக்க வேண்டும், உங்களுடையது அல்ல.

வேலூர்க்காரன் | பகல் 12:31
நண்பருக்குப் பெட்ரோல் காசு கொடுத்தால் அதுவும் கூலியா?

தென்றல்77 | பகல் 12:44
அதை இங்கே கேட்காதீர்கள், காப்பீட்டுக் கம்பெனியைக் கேளுங்கள்.

சுமதிடார்பி | பிற்பகல் 2:02
குமரன், ஒரு நிமிடம். கேரவன் உங்களுடையது. அப்படியென்றால் இதுவரை எதில் இழுத்தீர்கள்? உங்களிடம் இழுக்கும் கார் இருக்க வேண்டுமே!

லெஸ்டர்குமரன் | பிற்பகல் 2:30
இருக்கிறது, வீட்டு வாசலில்தான் நிற்கிறது. 2 லிட்டர் டீசல். காப்பீடு என் பெயரிலும் மனைவி பெயரிலும். அவர் கேரவன் இழுக்க மாட்டேன் என்கிறார்.

சுமதிடார்பி | பிற்பகல் 2:34
இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! நண்பர் உங்கள் காரையே ஓட்டட்டும். கொக்கி, பிளக், பக்கக் கண்ணாடி நீட்டிப்பு, நம்பர் பிளேட் எல்லாம் ஏற்கெனவே பொருந்தியவை. காப்பீட்டுக்காரருக்குப் போன் செய்து ஒரு வாரத்துக்கு அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். "கேரவன் இழுக்கவும் சேர்த்துத்தானா?" என்று வாய் திறந்து கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். கேரவன் காப்பீடு தனி என்றால் அங்கேயும் ஒரு போன்.

ஈரக்காற்று | பிற்பகல் 2:41
அட, ஆமாம்! நாம் எல்லோரும் நண்பரின் காரையே பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறோம்.

தென்றல்77 | பிற்பகல் 3:15
சனிக்கிழமைக்கு முன் ஒரு மாலை காலி மைதானத்தில் அவருக்குப் பழக்கம் கொடுங்கள். மாட்டியபின் பிரேக்அவே கம்பியைப் போட மறக்க வேண்டாம், கொக்கி கழன்றால் கேரவன் பிரேக்கைப் பிடிப்பது அதுதான். நடுவில் தடுப்பு உள்ள இரட்டைப் பாதைச் சாலையில் மணிக்கு அதிகபட்சம் 60 மைல், தடுப்பில்லாத ஒற்றைப் பாதையில் 50. ஸ்கெக்னஸ் போகும் ஏ158 சாலையில் ஹார்ன்காசில் ஊரைத் தாண்டினால் பின்னால் பெரிய ஊர்வலமே சேரும். பதற வேண்டாம், பாதுகாப்பான இடம் வந்தால் ஒதுங்கி விட்டுவிடச் சொல்லுங்கள்.

பழையகை | பிற்பகல் 3:40
எழுத மாட்டேன் என்றேன், ஆனாலும் சொல்கிறேன். கனமான சாமான்களை அச்சுக்கு மேலே, தரையில் வையுங்கள். பின்பக்கம் அடைத்தால் பாம்பு மாதிரி நெளியும். காரின் எடையில் 85 சதவீதத்துக்கு மேல் கேரவன் இருக்கக் கூடாது.

ஈரக்காற்று | பிற்பகல் 3:52
புதிதாக இழுப்பவருக்கு நல்ல அளவு. ஆனால் அது பரிந்துரை, சட்டம் இல்லை.

பழையகை | பிற்பகல் 3:55
சட்டம் என்று நான் எங்கே சொன்னேன்?

நட்டுபோல்ட்டு | மாலை 6:20
டயர்?

லெஸ்டர்குமரன் | திங்கள், இரவு 9:33
வந்து சேர்ந்தோம். காப்பீடு பேசி முடிக்க 20 நிமிடம். நண்பர் நிதானமாக ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். இடத்தில் ரிவர்ஸ் போடுவதுதான் வரவில்லை. நான்கு தடவை காரும் கேரவனும் V மாதிரி மடங்கிக்கொண்டன. கடைசியில் கழற்றிவிட்டு, பக்கத்துக் கேரவன்காரர்கள் மூன்று பேர் கைகொடுக்க, தள்ளியே நிறுத்தினோம். மழை. சுமதி அக்காவுக்கு நன்றி.

நட்டுபோல்ட்டு | இரவு 9:41
டயர் எந்த வருடம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

வேலூர்க்காரன் | வியாழன், காலை 10:12
பெட்ரோல் காசு கொடுத்தீர்களா அண்ணா?