லேசிக் செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்: மைனஸ் ஐந்தரை, போகலாமா?

சோடாபுட்டி_கோவை:
வயது 25, இரண்டு கண்ணிலும் மைனஸ் 5.5, கூடவே சிலிண்டர் 1. நாள் முழுக்க கம்ப்யூட்டர் வேலை, பாதி நாள் கான்டாக்ட் லென்ஸ். கண்ணாடியை விட லேசரால் கருவிழியைச் சீவிச் சரிசெய்கிற லேசிக் செய்துகொள்ளலாம் என்று பார்த்தால் அம்மா "கண்ணோடு விளையாடாதே" என்று ஒரே பிடியாக நிற்கிறார். வலிக்குமா, நடுவில் கண்ணை ஆட்டிவிட்டால் என்ன ஆகும்? விளம்பரத்தில் "பத்தே நிமிடம்" என்பதைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. தம்பிக்கும் மைனஸ் 2, ரயில்வே அசிஸ்டென்ட் லோகோ பைலட் தேர்வுக்குப் படிக்கிறான். அவனையும் கூட்டிப்போய்விடலாமா?

நெல்லைக்காரி:
தம்பியை முதலில் நிறுத்துங்கள்! அந்த வேலைக்கு லேசிக் செய்தவர்களை எடுக்கமாட்டார்கள், அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள். மெடிக்கலில் கண்டுபிடித்துவிட்டால் படித்ததெல்லாம் வீண்.

இனி உங்கள் விஷயம். ஊசி கிடையாது, சொட்டு மருந்து விட்டு மரத்துப்போக வைப்பார்கள், இமை மூடாமல் இருக்க ஒரு கிளிப். அப்புறம் ஃப்ளாப், அதாவது லேசர் பட வேண்டிய இடத்தைத் திறக்கக் கருவிழியின் மேல் மெல்லிய அடுக்கு, வெட்டுவதற்காக ஒரு வளையத்தைக் கண்மேல் வைத்து உறிஞ்சிப் பிடிப்பார்கள், அப்போது வலியைவிட அழுத்தம்தான் தெரியும், பார்வை சில நொடி இருட்டிக்கொண்டு வரும், அதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நான் அப்படிப் பதறியிருக்கமாட்டேன். பிறகு ஒரு சின்ன விளக்கையே பார்க்கச் சொல்வார்கள். கண் லேசாக அசைந்தால் மெஷினே பின்தொடரும், ரொம்ப அசைந்தால் லேசர் தானாக நின்றுவிடும். முடி கருகுகிற மாதிரி ஒரு வாடை வரும், பயப்படாதீர்கள்.

அன்று சாயங்காலம் வரை மிளகாய் பட்ட மாதிரி எரிச்சல், கண்ணீர். தூங்கி எழுந்தால் சுவர்க் கடிகாரம் தெரிகிறது! கண்ணைக் கசக்காமல் இருப்பதுதான் பெரிய பாடு, தூங்கும்போது கட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் மூடி கொடுப்பார்கள், அதைக் கழற்றாதீர்கள்.

லென்ஸ்_மேசை (ஆப்டோமெட்ரிஸ்ட், கண் பவர் பரிசோதிப்பவர்):
வாடை வந்தாலும் கருகுவதில்லை. 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் அது, பக்கத்துத் திசுவைச் சுடாமல் மேலே மட்டும் சீவும். இப்படித் திசுவைச் சுடாமல் சீவலாம் என்று 1981இல் ஐபிஎம்மில் கண்டுபிடித்த மூவரில் ஒருவர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் இளகலாம்.

ஆபரேஷனைவிட முந்தைய ஸ்கேன்தான் முக்கியம். ஒரு டயாப்டர் பவருக்குச் சுமார் 12 முதல் 15 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சீவ வேண்டும், உங்கள் பவருக்கு 90 என்று வையுங்கள், ஃப்ளாப்புக்கு ஒரு 110. கருவிழியின் தடிமன் 520 இருந்தால் அடியில் 320 மிஞ்சும், பரவாயில்லை. 250க்குக் கீழே போகவே கூடாது, பல டாக்டர்கள் 300க்குக் கீழேயே தொடமாட்டார்கள். கருவிழி கூம்பாகப் புடைக்கிற கெரட்டோகோனஸ் அறிகுறி துளி இருந்தாலும் லேசிக்கை மறந்துவிடுங்கள். பவர் ஒரு வருடமாவது மாறாமல் இருக்க வேண்டும். ஸ்கேனுக்கு முன்னால் சாஃப்ட் லென்ஸை ஒன்றிரண்டு வாரம் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கருவிழியின் வடிவமே தப்பாக வரும். "இன்றே செய்தால் தள்ளுபடி" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரவுவண்டி:
எல்லோரும் நல்லதாகவே சொல்வதால் என் பங்கு. பார்வை 6/6, குறையில்லை. ஆனால் வறட்சி! ஏசி அறையில் மானிட்டரைப் பார்த்தால் மதியத்துக்குள் மணல் போட்ட மாதிரி ஆகிவிடும், மாதக்கணக்கில் பையில் கண்ணீர்ச் சொட்டு இல்லாமல் வெளியே போனதில்லை. ராத்திரி பைபாஸில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும், இப்போது குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. செய்த இடத்தில் கேட்டால் "சரியாகிவிடும்" என்ற ஒரே பதில்தான். ஏற்கெனவே கண் வறண்டிருக்கிறதா என்று முதலிலேயே சோதிக்கச் சொல்லுங்கள்.

சோடாபுட்டி_கோவை:
தம்பி விஷயத்துக்குப் பெரிய நன்றி. லென்ஸை இன்றே நிறுத்திவிட்டேன். கருவிழி மெலிசு என்று சொல்லிவிட்டால்?

லென்ஸ்_மேசை:
பி.ஆர்.கே என்ற இன்னொரு லேசர் முறை உண்டு, ஃப்ளாப் கிடையாது, ஆனால் மூன்று நான்கு நாள் நன்றாகவே வலிக்கும், பார்வை தெளியவும் வாரங்கள் ஆகும். அதுவும் ஒத்துவராவிட்டால் கண்ணுக்குள்ளேயே வைக்கிற ஐ.சி.எல் லென்ஸ். எதைச் செய்தாலும் நாற்பதுக்கு மேல் படிக்கக் கண்ணாடி வரும். விழித்திரையும் பழைய மைனஸ் கண்ணின் விழித்திரைதான், வருடம் ஒருமுறை சொட்டு விட்டுப் பார்த்துவிடுங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய அளவுகள் உள்ள ஃபைலைக் கேட்டு வாங்கி பத்திரப்படுத்துங்கள், பின்னாளில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது அந்தக் கணக்கு வேண்டும்.