நுவரெலியாவுக்கு ரயில் போனதா, இல்லையா?

கொக்குவிலான்: போன கிழமை குடும்பத்தோடு மலைநாடு போய் வந்தோம். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் நானுஓயா தேயிலைப் பெட்டி ஏற்றும் தரிப்பிடம், அவ்வளவுதான். நுவரெலியாவுக்கு ஒருநாளும் ரயில் போனதில்லை. வான் பிடித்துத்தான் போகவேண்டும்.

நல்லூர்வாசி: எழுத முதல் யாரையாவது விசாரித்திருக்கலாம். 1903இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்குச் சின்னப் பாதை திறந்தார்கள். அடுத்த வருடம் கந்தப்பளை தாண்டி இராகலை வரை போனது. தரிப்பிடமாம்! கொழும்பிலிருந்து 1885இல் வந்த பெரிய பாதைக்கு, 1893இல் அப்புத்தளை திறக்கும்வரை கடைசி ஸ்ரேசனே நானுஓயாதான். குளிர் தேடி வந்த துரைமாரும் அங்கேதான் இறங்கினார்கள்.

கொக்குவிலான்: அது தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடி மட்டும் உள்ள பாதை. ரயில் என்றால் அகலப் பாதை. நுவரெலியாவுக்கு ரயில் போனதில்லை.

நல்லூர்வாசி: கொழும்பிலிருந்து அவிசாவளைக்குப் போகும் களனிவெளிப் பாதையும் தொண்ணூறுகள் வரை இரண்டரை அடிதான். அவிசாவளைச் சனம் அதுவரை நடந்தா போனது? அகலம் வேறாக இருந்தபடியால்தான் நானுஓயாவில் அவ்வளவு வேலை. இராகலைப் பக்கத்துத் தேயிலையைச் சின்னப் பெட்டியிலிருந்து இறக்கி, பெரிய பெட்டியில் ஏற்றவேண்டும். மேலே போகும் அரிசிக்கும் அதே பாடு.

தென்மராட்சியான்: எங்கள் பெரியப்பா மலைநாட்டில் ஸ்ரேசன் மாஸ்டர். பாதையில் போக அனுமதி தரும் ரப்லட் வளையம் கைமாறாமல் ஒரு கோச்சியும் அடுத்த ஸ்ரேசனுக்கு நகராது. அந்தப் பாதையை ஓட்டியதே யாழ்ப்பாணத்து மூளை.

கொட்டகலைப் பிள்ளை: ஓம் அண்ணை, பெரியப்பா வளையம் வாங்கினார். மூட்டை தூக்கியது யார்? எங்கள் மலையக ஆட்கள். இரண்டு பக்கமும் இத்தனை எழுதியும் அதற்கு ஒரு வரி இல்லை.

தென்மராட்சியான்: தம்பி, பெரியப்பாவைப் பற்றி அளந்து கதையும்.

நல்லூர்வாசி: குடும்பச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பாதையில் பயணிகள் சேவையை 1940இல் நிறுத்தினார்கள், 1948இல் பாதையையே மூடினார்கள். ஓடாத ரயிலை எப்படி நிறுத்துவது? கொக்குவிலான் பதில் சொல்லட்டும்.

கொக்குவிலான்: இன்றைக்குப் போக முடியுமா? முடியாது. அதுதான் பதில்.

நல்லூர்வாசி: 1990 தொடக்கம் 2014 வரை யாழ்ப்பாணத்துக்கும் ரயில் வரவில்லை. அந்தக் காலத்தில் கேட்டிருந்தால், இங்கே ஒருநாளும் ரயில் வந்ததில்லை என்று எழுதியிருப்பீர்களோ?

கொக்குவிலான்: யாழ்ப்பாணம் வரும் யாழ்தேவி ரயிலை இதற்குள் இழுக்காதீர்கள். அது அகலப் பாதை.

கொட்டகலைப் பிள்ளை: நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

நல்லூர்வாசி: 1903. திரும்பவும் எழுதுகிறேன், 1903.