தேர்வெல்லாம் பாஸ், மணிக்கணக்குதான் பாக்கி

உட்லண்ட்ஸ் அக்கா:

மகளைத் தாதிமைப் பட்டப்படிப்பில் சேர்க்கலாமா என்று போன வாரம் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் ஒரு அம்மா கேட்டார். எத்தனை பாடம், எவ்வளவு மார்க் வேண்டும் என்பதிலேயே அவர் கவலை முழுவதும் இருந்தது. உடற்கூற்றியல், மருந்தியல் எல்லாம் உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். என்னைப் படுத்தி எடுத்தது வார்டு மணிக்கணக்குதான்.

பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, பிரசவம், குழந்தைகள், மனநலம், சமூகத் தாதிமை என்று ஒவ்வொன்றுக்கும் போஸ்டிங், அதாவது நேரடிப் பணிப் பயிற்சி, உண்டு. விதித்த மணிநேரம் முழுசாக ஏறினால்தான் படிப்பு முடியும். தாதியர் வாரியத்தில் பதிவு, பணிச் சான்றிதழ் எல்லாம் அதற்கப்புறம்தான். எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால் யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் போன மணிநேரத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். இரண்டாம் ஆண்டில் எனக்குக் கண்வலி வந்து ஐந்து நாள் போனது. தோழிகள் எல்லாம் பாத்தாமுக்கு ஃபெரி ஏறிய விடுமுறையில், நான் காலை ஷிஃப்டில் நின்று அந்த ஐந்து நாளை அடைத்தேன்.

அந்த வாரத்தில்தான் மருந்து கொடுக்கும் செய்முறைத் தேர்வு. மதிப்பிடும் தாதி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். மருந்தைக் கொடுக்குமுன் பெயர், அடையாள எண் இரண்டையும் நோயாளி வாயாலேயே கேட்க வேண்டும், கைப்பட்டையோடு ஒப்பிட வேண்டும். என் நோயாளி ஒரு தமிழ்ப் பாட்டி.

"பாட்டி, உங்க முழுப் பேரு என்ன?"

"நேத்துத்தானே கேட்ட? குட்டியம்மா."

கைப்பட்டையில் வேறு பெயர்! எனக்கு வேர்த்துவிட்டது. குட்டியம்மா வீட்டுப் பெயராகத்தான் இருக்கும் என்று மனசுக்குத் தெரிகிறது, ஆனால் தெரிந்த மாதிரி நடந்துகொண்டால் ஃபெயில். "ஐசில என்ன பேரு போட்டிருக்கு பாட்டி?" என்று அடையாள அட்டையில் உள்ள பெயரைக் கேட்டேன். "அதுவா, அது எங்க அப்பா வச்சது" என்று சொல்லிவிட்டு, கைப்பட்டையில் இருந்த பெயரைச் சொன்னார். அடையாள எண்ணையும் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தார். அப்புறம்தான் மாத்திரைக் கிண்ணத்தை நீட்டினேன். தமிழ் தெரியாத மதிப்பீட்டாளருக்கு நடந்ததை விளக்கியபோது அவரும் சிரித்துவிட்டார். பாஸ்.

ஈசூன் தம்பி:

அக்கா, எனக்கு வார்டு பரவாயில்லை, மருந்துக் கணக்குத் தேர்வுதான் கண்டம். தேசிய சேவை முடித்துவிட்டுச் சேர்ந்தவன், இரண்டு வருஷமாகக் கணக்குப் பக்கமே போகவில்லை. எங்கள் பள்ளியில் அந்தத் தேர்வில் நூற்றுக்கு நூறு எடுக்க வேண்டும், ஒரு கேள்வி தவறினாலும் மறுபடி எழுத வேண்டும்.

ஒரு லிட்டர் சலைனை 8 மணிநேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? மணியை நிமிடமாக்க மறந்து, 2,500 என்று எழுதிவைத்தேன். விடை 42. "குழாயைத் திறந்துவிட்டாயா?" என்று ஆசிரியர் கேட்டார். வகுப்பே சிரித்தது. இன்றைக்கு வார்டில் சொட்டு எண்ண வேண்டியதில்லை, பம்ப் பார்த்துக்கொள்கிறது. இருந்தாலும் அதில் எண்ணைத் தட்டுமுன் மனசுக்குள் ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்வேன்.

ஹவ்காங் சித்தி:

நான் டிப்ளோமா முடித்த காலத்தில் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் தாதிமைப் பட்டமே கிடையாது. 2006ல்தான் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அதற்கு முன் என் சீனியர்கள் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களின் பட்டத்துக்குத்தான் போனார்கள். நான் ஏற்கெனவே பதிவுபெற்ற தாதி என்பதால், பட்டம் படிக்கையில் ஒவ்வொரு வார்டாக மறுபடி சுற்ற வேண்டியிருக்கவில்லை. ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து அலசுவதும் புள்ளியியலும்தான் அதிகம். இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து புள்ளியியல் புத்தகத்தைத் திறந்தால் தூக்கம் என்னமாய் வரும் தெரியுமா!

அந்த அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையை இப்போதே தேடி எடுக்கட்டும். என் அக்கா மகளுக்கு இரத்தப் பரிசோதனையில் ஹெப்படைட்டிஸ் பி எதிர்ப்புச் சக்தி போதவில்லை என்று வந்தது. அதற்கு மூன்று ஊசி: முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. போஸ்டிங் நெருங்கும்போது தெரிந்தால் என்ன செய்வது?

உட்லண்ட்ஸ் அக்கா:

சித்தி, இதை நான் சொல்லவே மறந்துவிட்டேன். அவருக்கு இப்போதுதான் மெசேஜ் போட்டேன். அட்டை பழைய வீட்டிலிருந்து மாறி வந்தபோதே தொலைந்துவிட்டதாம்.