லாங்சோர்டு ஸ்பாரிங்: இரண்டு பேருக்கும் அடி பட்டால் புள்ளி யாருக்கு?

தென்பெண்ணைக் கரை:

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பை ஒட்டிய களத்தில், ஞாயிறு காலையில் நாங்கள் சிலர் கூடி ஐரோப்பிய லாங்சோர்டு பழகுகிறோம். இரண்டு கையாலும் பிடித்து வீசுகிற நீள வாள். அநேகமாக எல்லோரும் சிலம்பத்திலிருந்து வந்தவர்கள். லீக்டெனவர் என்ற பழைய வாளாசானின் மரபில் வந்த ஜெர்மன் சுவடிகளையும், 1400களின் தொடக்கத்தில் ஃபியோரே என்ற வாளாசான் எழுதிய இத்தாலியச் சுவடியையும் இணையத்தில் கிடைக்கிற மொழிபெயர்ப்புகளை வைத்துப் படித்துப் பழகி வருகிறோம். பெரும்பாலும் நைலான் வாள். ஃபெடர் என்கிற, வளைந்து கொடுக்கும் இரும்புப் பயிற்சி வாள் ஒரு ஜோடி இருக்கிறது.

மா சீசன் முடிந்ததும் தர்மபுரி நண்பர்களை அழைத்து ஒரு நட்புப் போட்டி வைக்கலாம் என்று பேச்சு. விதிகளை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. இப்போது நாங்கள் ஆடுவது, முதலில் தொட்டவருக்குப் புள்ளி என்ற முறை. தலைக்கு 3, உடம்புக்கு 2, கை காலுக்கு 1. முதலில் 10 எடுத்தவர் வென்றார்.

இதில் எனக்கு மனம் ஆறவே இல்லை. எங்களிடம் கை நீளமான ஒரு தம்பி இருக்கிறான். வருகிற வாளை அவன் தடுப்பதே கிடையாது. எதிராளி தலைக்கு ஓங்கும்போதே பாய்ந்து அவர் கையைத் தட்டிவிடுவான். அடுத்த கணமே இவன் மாஸ்க் மேல் ஓங்கிய வாள் இறங்கும். ஆனாலும் முதல் தொடுதல் அவனுடையது, புள்ளியும் அவனுக்கே. அதே குழுவில் ஒரு தங்கச்சி, உயரம் குறைவு. வாளோடு வாளை ஒட்டவைத்து, எதிராளியின் முனையை அடக்கிக்கொண்டே உள்ளே நுழைந்து தொடுவாள். சுவடிகள் பக்கம் பக்கமாகச் சொல்வது இந்த வித்தையைத்தான். வாரா வாரம் தோற்பது அவள்!

தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். ஆயுதத்தோடு நிமிர்ந்து நிற்கிற அந்த வீரர்கள் எல்லாம் களத்தில் மாண்டவர்கள். எங்கள் வாளுக்குக் கூர் இருந்தால் பாதி ஆட்டங்களுக்கு இரண்டு கல் நட வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒருவரை மட்டும் வென்றவர் என்று எப்படிச் சொல்வது?

நடுவர் வேலைக்கு ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் கிடைப்பார்கள். கேமரா, மின் கருவி எதுவும் இல்லை. இதை மனதில் வைத்து யோசனை சொல்லுங்கள்.

ஓசூர் நைட் ஷிஃப்ட்:

நான் கல்லூரியில் எப்பே ஆடியவன். ஃபாயில், சேபர், எப்பே என்று ஒலிம்பிக் ஃபென்சிங்கில் மூன்று வகை வாள் உண்டு. அங்கே இந்தச் சிக்கலுக்கு இரண்டு விதமான பதில் வைத்திருக்கிறார்கள். ஃபாயில், சேபர் இரண்டிலும், தொட்டதைக் காட்டும் கருவியில் இருவரின் விளக்கும் எரிந்தால், தாக்கும் உரிமை அப்போது யாரிடம் இருந்தது என்று நடுவர் பார்ப்பார். எதிராளி தாக்கி வரும்போது தடுக்காமல் கையை நீட்டினால் புள்ளி தாக்கியவருக்குத்தான். எப்பேவில் உரிமை எல்லாம் கிடையாது. ஏறக்குறைய ஒரு நொடியின் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் இரண்டு பேரும் தொட்டால் இருவருக்கும் புள்ளி. அதைத் தாண்டிவிட்டால் முதலில் தொட்டவருக்கு மட்டும்.

அந்த இடைவெளியைக் கருவி கண்டுபிடிக்கும். களத்தில் வெயிலில் நிற்கிற மனிதனின் கண்ணுக்கு அது முடியாத காரியம். அதனால் என் யோசனை, "யார் முதலில்" என்ற கேள்வியையே நடுவரிடம் கேட்காதீர்கள். "இரண்டு பேருக்கும் பட்டதா, இல்லையா" என்று மட்டும் கேளுங்கள். அதற்கு நேர்மையான பதில் கிடைக்கும். இருவருக்கும் பட்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் இல்லை. உங்கள் தம்பிக்குத் தடுக்கக் கற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்காது.

தென்பெண்ணைக் கரை:

அண்ணா, கேள்வியை மாற்றச் சொன்னீர்களே, அது அப்படியே மனதில் பதிந்துவிட்டது. ஆனால் இருவருக்கும் படுகிற டபுளுக்குப் பூஜ்யம் என்றால் முன்னணியில் இருப்பவருக்கு அது லாபம் அல்லவா? 8-4 என்று இருக்கும்போது நேரம் முடியும்வரை டபுளாகவே அடித்துக்கொண்டிருக்கலாம். மூன்றாவது டபுளில் இருவருக்கும் தோல்வி என்று சில போட்டிகளில் வைத்திருக்கிறார்களாம். அதிலும் ஓட்டை தெரிகிறது. தோற்கப் போகிறவர், தன்னோடு எதிராளியையும் இழுத்துக்கொண்டு போகலாம்.

தகடூர் டு ஸ்டுட்கார்ட்:

தம்பி, நான் தர்மபுரிக்காரன். இங்கே ஸ்டுட்கார்ட்டில் ஒரு சங்கத்தில் லாங்சோர்டு ஆடுகிறேன். நீ கண்ட ஓட்டை உண்மைதான். ஓட்டையே இல்லாத விதியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. எந்த விதி வைக்கிறோமோ அதற்கேற்ற சண்டைதான் களத்தில் வளரும். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் நகரங்களில் பொதுமக்கள் முன்னால் வாள் போட்டி நடத்தினார்கள். எதிராளியின் உடம்பில் யார் அதிக உயரத்தில் ரத்தம் வரவைக்கிறாரோ அவருக்கே வெற்றி என்பது அங்கே வழக்கம். அதனால் எல்லோர் குறியும் தலை. 1570இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் அச்சான யோவாகிம் மேயரின் நூலில் லாங்சோர்டுக் குத்துகள் பெரும்பாலும் ஒதுங்கியே நிற்கின்றன. விளையாட்டில் குத்து வழக்கொழிந்ததுதான் காரணம். ஆக, விதி வித்தையை மாற்றுவது நம் காலத்தில் புதிதாக வந்த நோய் இல்லை.

உன் புள்ளிக் கணக்கைப் பார்ப்போம். அடி வாங்கியவர் உடனே, ஒரு அடி எடுத்துவைக்கும் நேரத்துக்குள் திருப்பி அடிப்பதை ஆஃப்டர்புளோ என்கிறோம். இதை இரண்டு விதமாகக் கணக்கில் எடுக்கிறார்கள். ஒன்றில், திருப்பி அடி வாங்கினால் முதலில் தொட்டவரின் புள்ளி குறையும், எதிராளிக்கு எதுவும் கிடைக்காது. இதை வைத்தால் தலையில் 3 எடுத்துவிட்டு ஒன்றைக் கழித்துக் கொடுப்பவர் 2 புள்ளியோடு சிரித்துக்கொண்டு நிற்பார். இன்னொன்றில், இரண்டு அடிகளின் வித்தியாசத்தைப் பெரிய அடி அடித்தவருக்குக் கொடுப்பார்கள். உன் தம்பி கையில் அடித்தது 1, எதிராளி தலையில் அடித்தது 3. எதிராளிக்கு 2 புள்ளி. சரியாகத் தெரிகிறது இல்லையா? ஆனால் கொஞ்ச நாளில் பார், கையை வேண்டுமென்றே கொடுத்துவிட்டுத் தலையை எடுக்கிறவர்கள் வருவார்கள். கூர்வாள் கையில் விழுந்தால் அப்புறம் தலைக்கு ஓங்க விரல் மிஞ்சுமா?

அதனால் எங்கள் சங்கத்துக்குள் ஆடும்போது 3, 2, 1 எல்லாம் தான் அடி வாங்காமல் அடித்த அடிக்கு மட்டும். இருவருக்கும் பட்டால் எங்கே பட்டது என்ற பேச்சே கிடையாது, பூஜ்யம்தான். யார் எத்தனை டபுள் கொடுத்தார்கள் என்று நாள் முழுக்க ஒரு தாளில் குறித்துவைப்போம். கடைசியில் வெற்றிகள் சமமாக இருந்தால் டபுள் குறைந்தவர் மேலே. இதுவும் முழு மருந்து இல்லை, ஆனால் எட்டுப் பத்துப் பேர் உள்ள குழுவில் அந்தத் தாளுக்கே ஒரு மரியாதை வந்துவிடும்.

இன்னொன்று சொல்கிறேன், உனக்கு இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பக்கத்துப் பழைய வாள் சங்கங்களின் விளையாட்டை ஒட்டி, இப்போது பல இடங்களில் ஒரு ராஜா ஆட்டம் ஆடுகிறார்கள். ஒருவர் ராஜாவாக நடுவில் நிற்பார். மற்றவர்கள் வரிசையாக ஒவ்வொருவராக வந்து மோதுவார்கள். சவால் விடுகிறவர் ராஜாவைத் தொட வேண்டும். தொட்ட உடனே ராஜாவுக்கு ஒரு எட்டு எடுத்துவைக்கும் தூரத்துக்குள் திருப்பி அடிக்க உரிமை உண்டு. இருவருக்கும் பட்டால் உயரத்தில் பட்ட அடி வெல்லும். சமம் என்றால் ராஜாவே தொடர்வார். நான் ஆடிய வடிவத்தில் இடுப்புக்குக் கீழேயும் கைகளும் குறி இல்லை. பாய்ந்து கையைத் தட்டுகிற வேலைக்கு இங்கே இடமே இல்லை. எண்ணிக்கை, கூட்டல் கழித்தல் இல்லாததால் இரண்டு நடுவர் தாராளமாகப் போதும். உன் தங்கச்சி அன்றைக்கு நெடுநேரம் ராஜாவாக நிற்பாள் பார்.

மேச்சேரி காளை:

கையைக் குறியிலிருந்து எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. கையைக் காக்காமல் நீட்டுவதும் தப்புதானே? ஃபியோரே, லீக்டெனவர் இரண்டு மரபிலும் கைக்கு வெட்டு இருக்கிறது.

பென்னாகரம் ஆசான்:

நான் சிலம்பம் சொல்லிக்கொடுப்பவன். வாள் விஷயத்தில் உங்கள் அளவுக்குத் தெரியாது. ஆனால் களம் எனக்குத் தெரியும்.

பட்டதைப் பட்டவரே கை தூக்கிச் சொல்ல வேண்டும். நடுவர் கவனிக்காத அடியையும் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு முதல் பாடம் வணக்கம், இரண்டாவது பாடம் இது. ஒரு பையன் மறைத்தால் அன்றைக்கு அவன் கம்பை வாங்கி வைத்துவிடுவேன். நடுவர் போதவில்லை என்ற உங்கள் கவலையில் முக்கால்வாசி இதிலேயே தீரும்.

இரண்டாவது, கருவி. ஒருவரிடம் நைலான், இன்னொருவரிடம் இரும்பு என்றால் விதி எழுதியே பயன் இல்லை. எடையும் வேகமும் வேறு, ஒட்டிப் பிடிக்கிற பிடிமானமும் வேறு. இரும்போடு இரும்பு பற்றும், நைலான் வழுக்கும் என்று நீங்களே சொல்வீர்கள். அந்தத் தங்கச்சியின் வித்தையே ஒட்டிப்பிடிப்பதில் இருக்கிறது என்றால், நைலான் வாளில் அவளுக்குப் பாதி பலம் போய்விடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரே ஜோடி வாளைக் களத்தின் நடுவில் வையுங்கள். உயரம் குறைந்தவர் முதலில் எடுக்கட்டும்.

மூன்றாவது வெயில். அந்த மாஸ்க், பஞ்சு வைத்த ஜாக்கெட், தடித்த கிளவுஸ் எல்லாம் போட்டுக்கொண்டு நம் ஊர் வெயிலில் பத்து மணிக்கு மேல் நிற்க முடியாது. களைத்துப் போனவர் கை கட்டுப்பாட்டில் இருக்காது, அப்போதுதான் எலும்பு உடையும். விடியற்காலையில் ஆரம்பித்து, வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். ஒரு ஆட்டம் ஒன்றரை நிமிடம், நடுவில் தண்ணீர்.

ஓசூர் நைட் ஷிஃப்ட்:

ஆசான் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட்டில் 350 நியூட்டன், மாஸ்க்கில் 1600 நியூட்டன் என்று எழுதியிருப்பது குத்தித் துளைப்பதைத் தாங்கும் அளவு. ஓங்கி அடிக்கிற அடியைத் தாங்குவதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. சாதாரண ஃபென்சிங் மாஸ்க்கில் பின்னந்தலை திறந்துதான் இருக்கும். பின்னந்தலை, முதுகுத்தண்டு, முழங்கால் மூட்டு மூன்றுக்கும் தடை போடுங்கள். முதுகைத் திருப்புகிறவருக்கும் எச்சரிக்கை கொடுங்கள். குனிந்து பின்னந்தலையைக் காட்டிவிட்டு அடி பட்டது என்று கத்துவது நியாயம் இல்லை.

தென்பெண்ணைக் கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று களத்தில் ராஜா ஆட்டத்தை முயன்று பார்த்தோம். அந்தத் தம்பி வரிசையில் வந்த ஒவ்வொரு முறையும் வெளியேறினான். கடைசியில் வாளை முன்னால் வைத்து, முனையை அடக்கி, மெதுவாக உள்ளே வந்தான். தொட்டான், அடி வாங்கவில்லை. எல்லோரும் கைதட்டினோம். அவனிடம் இவ்வளவு திறமை இருந்தது எங்கள் பழைய விதியில் தெரியவே இல்லை.

போட்டிக்கு இப்படி முடிவு செய்திருக்கிறேன். காலையில் ராஜா ஆட்டம், எல்லோருக்கும் நைலான். அப்புறம் விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும் ஃபெடர் ஜோடியில் புள்ளி ஆட்டம், ஸ்டுட்கார்ட் அண்ணன் சொன்ன கணக்குப்படி. அதில் மேச்சேரி நண்பர் சொன்னதை ஏற்றுக் கையைக் குறியாக வைக்கிறேன், ஆனால் விரலை முழுதாக மூடுகிற கனமான கிளவுஸ் போட்டவர்களுக்கு மட்டும். கழுத்துக் கவசம் எல்லோருக்கும் வாங்கும்வரை முகத்துக்கும் கழுத்துக்கும் குத்து கிடையாது. ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை, ஃபியோரேவில் பாதி அழகு குத்தில்தான் இருக்கிறது. இருந்தாலும் கவசம் வரட்டும்.

ஓசூர் அண்ணா, அன்றைக்கு உங்களுக்கு ஷிஃப்ட் இல்லை என்றால் நடுவராக வர முடியுமா? எங்கள் ஊர்க்காரர் இல்லாத ஒருவர் நின்றால் தர்மபுரிக்காரர்களுக்கும் நம்பிக்கையாக இருக்கும்.

ஓசூர் நைட் ஷிஃப்ட்:

வருகிறேன். டபுள் எழுதுகிற தாளை என்னிடம் கொடுங்கள், இன்னொரு நடுவரைத் தர்மபுரியிலிருந்து கேளுங்கள்.